சிக்னலில் நின்றால் ஹீட் ஏறுகிறதா? துணை ஃபேன் வயரிங்கைச் சரியாக மாற்றும் வழி

பழைய மெர்சிடஸ் டபிள்யூ124 வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 1995-இல் புனேவில் தயாராகத் தொடங்கிய அந்த வண்டிகளை நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் பார்க்கலாம். எஞ்சினோடு சுற்றும் ஒரு ஃபேன், அதற்குத் துணையாக மின்சார ஃபேன் என்று இரண்டும் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். மின்சார ஃபேன் மட்டுமே உள்ள சின்ன வண்டிக்காரர்கள், கடைசிப் பகுதியில் அவர்களுக்கென்று இருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்கவும்.

இந்த வண்டியில் குளிர்விப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின் பெல்ட்டோடு ஓடும் பெரிய ஃபேன். அதன் நடுவில் ஒரு கிளட்ச். காற்று சூடானால் கிளட்ச் இறுகி ஃபேன் வேகம் பிடிக்கும், ஆறினால் தளர்ந்து சும்மா மிதந்து சுற்றும். வண்டியின் முகப்பில், ஏசி கண்டென்சருக்கு (ஏசி வாயுவை ஆற வைக்கும் வலைக்கு) முன்னால் இரண்டு மின்சார ஃபேன்கள். இவைதான் துணை ஃபேன்கள். இவற்றுக்கு இரண்டு வேகம். ஏசி வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 20 பார் தொட்டால் மெதுவான வேகம்; அந்தக் கரண்ட், அதைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. எஞ்சின் தண்ணீர் 105 டிகிரியை ஒட்டிப் போனால் ரெசிஸ்டரைத் தாண்டி முழு வேகம்.

இடையில் ஒரு இடைவெளி இருப்பதைக் கவனித்தீர்களா? தண்ணீர் 95, 100, 103 என்று ஏறிக்கொண்டே இருந்தாலும், ஏசி அழுத்தம் உயராத வரை முன்னால் இருக்கும் ஃபேன்கள் அசையாது. இது பழுதில்லை, வடிவமைப்பே அப்படித்தான். ஆனால் சித்திரை வெயிலில் கத்திப்பாராவில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த இடைவெளி நமக்குக் கஷ்டம். 105-இல் திடீரென்று முழு வேகத்தில் அலறுவதைவிட, 95-இலேயே மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் வெப்ப மீட்டரின் முள் அவ்வளவு தூரம் போகவே போகாது. நாம் செய்யப்போகும் மாற்றம் இது ஒன்றுதான். செலவு குறைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும்.

ஆனால் ஃபேனை முன்னதாக ஓட வைப்பது ஒரே ஒரு நோய்க்குத்தான் மருந்து. உங்கள் வண்டிக்கு அந்த நோயா என்று தெரியாமல் வயரை வெட்டாதீர்கள். அடைத்துப்போன ரேடியேட்டருக்கு முன்னால் எத்தனை ஃபேன் ஓடினாலும் சில மாதத்தில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) செலவில்தான் வந்து நிற்கும்.

வயரைத் தொடும் முன்

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

இதுதான் ஃபேன் நோய். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ரேடியேட்டருக்குத் தேவையான காற்று தானாக வந்துவிடுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் கொடுக்க வேண்டும். ஆகவே காற்றுப் பக்கம்தான் குறை. இருந்தாலும் மின்சார ஃபேனுக்குப் போகும் முன் எஞ்சின் ஃபேனைப் பாருங்கள், ஏனென்றால் பெரிய காற்று அதனுடையது.

வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்குங்கள். முள் 100-ஐ நெருங்கும்போது முன்பக்கமிருந்து லாரி பக்கத்தில் வந்ததுபோல ஒரு உறுமல் வர வேண்டும். கிளட்ச் இறுகியதன் சத்தம் அது. பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேன் இலையை விரலால் தள்ளிப் பாருங்கள். சூட்டில் அது கெட்டியாக, மனமில்லாமல் நகர வேண்டும். தள்ளியதும் காற்றாடிபோல மூன்று நான்கு சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. அதை மாற்றுங்கள், பெரும்பாலும் அதோடு பிரச்சினை முடிந்துவிடும், வயரிங் வேலையே தேவைப்படாது. ஓடும் எஞ்சினில் பேப்பரைச் சுருட்டி இலைக்குள் விட்டு நிறுத்திப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம்.

அடுத்து கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்து. வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். ரேடியேட்டரின் மேல் கிளிப்புகளைக் கழற்றி அதைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து டார்ச் அடித்தால்தான் உண்மை தெரியும். நான் ஒருமுறை அப்படிச் சாய்த்தபோது வேப்பம்பூவும் ஈசல் இறகும் சாலைத் தூசியும் எண்ணெயில் ஊறி, கம்பளித் துண்டு ஒன்றை விரித்து ஒட்டியதுபோல ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுக்கப் படிந்திருந்தது. விரலால் நெம்பினால் தகடு தகடாகக் கையோடு வந்தது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினால் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றை நிரந்தரமாக மறித்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிக்னலில் முள் 100-ஐத் தாண்டுகிறது என்றால், உங்களுக்குத்தான் இந்த மாற்றம்.

ஓடும்போதுதான் ஏறுகிறது

நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் ஏறுகிறது, வேகம் குறைத்தால் இறங்குகிறது. இதில் ஃபேனுக்கு வேலையே இல்லை. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு (தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடுவது), இலை தேய்ந்த வாட்டர் பம்ப், வேகத்தில் உள்ளிழுத்து ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் என்று இந்த வரிசையில் தேடுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால் முதல் சந்தேகம் உப்புப் படிவுதான். டீக்கடைப் பாய்லரின் உள்ளே பார்த்திருப்பீர்களே, அதே வெள்ளைக் காரை ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் ஏறுகிறது. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தண்ணீர் குறைகிறது, கக்குகிறது

முதலில் மூடியைப் பாருங்கள். மூடியில் 140 என்று பொறித்திருந்தால் அது 1.4 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரேகூட 126 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் 100-லேயே கொதித்து வெளியே தள்ளும், ஓட்டுபவரோ ஃபேனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். மூடி புதிது, கசிவு எங்கும் இல்லை, ஆனாலும் எஞ்சின் ஓடும்போது டேங்கில் தொடர்ந்து குமிழ் வருகிறது, காலையில் ஆறின வண்டியிலும் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். தெரிந்தவர்களும் அவசரத்தில் கையை முகத்தைச் சுட்டுக்கொள்ளும் இடம் இது.

முள் ஆடுகிறது, குதிக்கிறது

ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது என்றால் தண்ணீர் சூடாகவில்லை, மீட்டரின் எர்த் கெட்டிருக்கிறது. இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஹோஸ் சேரும் இடத்தில் அதைக் காட்டி முள்ளோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைவாகக் காட்டும்; கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்கவும்.

இருக்கும் ஃபேன் சுற்று ஆரோக்கியமாக இருக்கிறதா?

மாற்றம் செய்யும் முன் ஏற்கெனவே உள்ளது வேலை செய்ய வேண்டும். இதைச் சோதிக்காமல் மேலே வயர் போட்டவர்கள்தான் பிறகு அதிகம் அலைகிறார்கள்.

ஏசி சுற்றில் டார்ச் லைட் பருமனில் ஒரு உருளை இருக்கும், ட்ரையர் என்பார்கள். அதில் இரண்டு சின்ன அழுத்த ஸ்விட்சுகள். ஒன்று வாயு குறைந்தால் கம்ப்ரஷரை நிறுத்துவது, மற்றது ஃபேனைக் கூப்பிடுவது. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், ஒரு ஸ்விட்சின் கப்ளரை (வயர் செருகும் பிளக்கை) கழற்றி அதன் இரண்டு ஓட்டையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினால் அதுதான் நமக்கு வேண்டிய ஸ்விட்ச். ஒன்றும் நடக்கவில்லை என்றால் மற்றதைப் பாருங்கள். ஃபேன் திடீரெனச் சுற்றும், ஆகவே கையும் டையும் துப்பட்டாவும் தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டையும் இணைத்தும் மெது வேகம் வரவில்லை. ஆனால் சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஃபேன் வெப்ப ஸ்விட்சின் கப்ளரை அதேபோல இணைத்தால் முழு வேகத்தில் ஓடுகிறது. அப்படியென்றால் மோட்டார்கள் நல்லவை, பெரும்பாலும் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். முன்பக்கம் ஹெட்லைட்டை ஒட்டிய இடத்தில் அதைத் தேடுங்கள்; விரல் நீளத்தில் பீங்கான் உடம்போடு இருக்கும். மீட்டரை ஓம்ஸில் வைத்தால் நல்ல ரெசிஸ்டர் ஏறத்தாழ பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். அறுந்தது ஒன்றுமே காட்டாது. மெது வேகம் போனது பல வருடம் யாருக்கும் தெரியாமலே இருக்கும், ஏசி குளிரவில்லை என்று வாயு மட்டும் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். வாயு அதிகமானால் அழுத்தம் இன்னும் ஏறும், குளிர்ச்சி இன்னும் குறையும். ஏசி போட்டால் மட்டும் ஹீட் ஏறுகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் இந்த ரெசிஸ்டரே காரணம்.

இரண்டு வேகமும் இல்லை என்றால் ஃபியூஸ். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் தோட்டா வடிவப் பீங்கான் ஃபியூஸ்கள். கம்பி அறாமலே முனையில் பூப்பூத்து கரண்ட்டை மறிக்கும். பார்த்தால் நன்றாகத் தெரியும், ஆனால் வேலை செய்யாது. அதை விரலால் இடத்திலேயே இரண்டு சுற்று திருகினால் ஃபேன் ஓடத் தொடங்குவது உண்டு. ஓடினால் அதோடு விடாதீர்கள், கிளிப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, செம்புப் பட்டை உள்ள புது ஃபியூஸ் போடுங்கள்.

ஃபியூஸும் நன்றாக இருந்தால் ஃபேன் கப்ளரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சுறுசுறுப்போடு சுற்ற வேண்டும். ஒன்று முனகிக்கொண்டு தாமதமாகக் கிளம்பினால் அதன் புஷ் இறுகிவிட்டது. அந்த மோட்டார் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் இழுக்கும். அதை வைத்துக்கொண்டு மாற்றம் செய்தால் எரியப்போவது உங்கள் புது வயர்.

மாற்றத்தைச் செய்யும் முறை

இப்போது விஷயத்துக்கு வருவோம். அழுத்த ஸ்விட்சின் இரண்டு வயரையும் இணைத்தபோது ஃபேன் மெதுவாக ஓடியது அல்லவா? அந்த இணைப்பை நாம் கையால் செய்தோம். அதையே ஒரு வெப்ப ஸ்விட்ச் செய்யட்டும். அவ்வளவுதான் யோசனை. அழுத்த ஸ்விட்சுக்குப் பக்கவாட்டில், அதன் இரண்டு வயரிலிருந்தும் கிளை எடுத்து, ஒரு வெப்ப ஸ்விட்சைச் சேர்க்கிறோம். ஏசி கூப்பிட்டாலும் ஃபேன் வரும், தண்ணீர் கூப்பிட்டாலும் வரும். ஒன்று மற்றதைத் தடுக்காது. 105-இல் முழு வேகம் தரும் பழைய சுற்றை நாம் தொடவே இல்லை, அது கடைசிக் காவலாக அப்படியே இருக்கும். நம் வேலையில் ஏதாவது அறுந்துபோனால்கூட வண்டி பழைய நிலைக்குத்தான் திரும்பும், அதைவிட மோசமாகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற எல்லா வழிகளையும்விட இதை நான் விரும்புகிறேன்.

இந்தக் கிளையில் ஓடுவது ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) காயிலின் கரண்ட் மட்டும், ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே 1 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். ஃபேனின் பெரிய கரண்ட் பழைய ரிலே, பழைய வயர், பழைய ஃபியூஸ் வழியாகவே போகிறது.

எந்த டிகிரி ஸ்விட்ச் வாங்குவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்விட்சின் உடம்பில் 95/90 அல்லது 92/87 என்று இரண்டு எண் இருக்கும்: முதலாவதில் மூடும், இரண்டாவதில் திறக்கும். தெர்மோஸ்டாட் வால்வு 85 டிகிரியில்தான் திறக்கவே தொடங்குகிறது. 82-இல் மூடும் ஸ்விட்ச் போட்டால் ஃபேன் காலையிலிருந்து இரவு வரை ஓடும், எஞ்சின் அதனால் குளிராது, மோட்டார்தான் தேயும். தண்ணீர் எஞ்சினைவிட்டு வெளியே வரும் மேல் ஹோஸ் பக்கம் ஸ்விட்ச் வைத்தால் 95/90 சரி. ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் வைப்பதானால் அங்கே தண்ணீர் ஆறிப்போய் வருகிறது, ஆகவே 88 போல ஒன்று வேண்டும். நான் மேல் ஹோஸையே தேர்ந்தெடுப்பேன். எஞ்சினின் உண்மையான சூடு அங்கேதான் தெரியும்.

மேல் ஹோஸை வெட்டி நடுவில் பொருத்த, பக்கவாட்டில் மரை உள்ள அலுமினியக் குழாய்த் துண்டு கிடைக்கும். ஹோஸின் உள் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். மரை (விட்டத்துக்கு மரை இடைவெளி, மில்லிமீட்டரில்) 14-க்கு 1.5 ஆகவும் இருக்கலாம், 22-க்கு 1.5 ஆகவும் இருக்கலாம். ஸ்விட்சையும் குழாயையும் ஒரே கடையில், ஒன்றில் ஒன்றை முறுக்கிப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முனை உள்ள ஸ்விட்சாக வாங்கவும். ஒற்றை முனை ஸ்விட்ச் தன் உடம்பு வழியாக எர்த் எடுக்கும், ஆனால் ரப்பர் ஹோஸ்களுக்கு நடுவே தொங்கும் குழாய்க்கு எர்த் ஏது?

வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கூலன்ட்டைச் சுத்தமான வாளியில் பிடித்து, ஹோஸை வெட்டி, குழாயைச் சொருகி, இரண்டு பக்கமும் நல்ல கிளிப் போடுங்கள். ஸ்விட்சுக்குச் செம்பு வாஷர் உண்டு, அதோடு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம்.

அழுத்த ஸ்விட்சின் வயரில் கிளை எடுக்கும்போது, தோலைக் கிள்ளிக் கடிக்கும் நீல கிளிப் போடாதீர்கள். எஞ்சின் அறையின் ஈரத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் உள்ளே பச்சை பூத்துவிடும். சில மில்லிமீட்டர் தோலைச் சீவி, சால்டர் வைத்து, பசை உள்ள ஸ்லீவைச் சூடுகாட்டி மூடுங்கள். 1990-களின் முதல் பாதியில் வந்த பல பெட்ரோல் எஞ்சின் ஹார்னஸ்களில் வயரின் தோல் அப்பளம்போல நொறுங்கும். உங்கள் வண்டியில் விரலால் வளைத்தாலே விரிசல் விட்டால், அந்த ஹார்னஸை முதலில் சரிசெய்துவிட்டு இதற்கு வாருங்கள். புது வயரை நெளிகுழாய்க்குள் விட்டு, பெல்ட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் எட்டாத வழியில் கொண்டுபோய்க் கட்டவும்.

அதே இரண்டு வயரிலிருந்து இன்னொரு கிளையை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து சின்ன ஸ்விட்ச் ஒன்று போட்டுக்கொள்ளலாம். மலையேறி நிற்கும்போது, நீண்ட நெரிசலைக் கண்ணால் பார்க்கும்போது, முன்கூட்டியே தட்டிவிடலாம். எனக்கு இது பிடித்த சேர்க்கை. ஆனால் வெப்ப ஸ்விட்சுக்குப் பதிலாக இதை மட்டும் போடாதீர்கள். வீட்டில் வேறு ஒருவர் வண்டியை எடுத்துப் போகும் நாளில் அவருக்கு அது தெரியாது.

கூலன்ட் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று போகும்வரை மூடியைத் திறந்துவைத்து ஓடவிடுங்கள். குமிழ் நின்றதும் மூடியை இறுக்கிவிட்டு, ஏசி போடாமல் நின்ற இடத்தில் சூடாக விடுங்கள். முள் 95-ஐ ஒட்டியதும் முன்னால் மெதுவான சுழற்சி தொடங்க வேண்டும், சில நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும், மறுபடி தொடங்க வேண்டும். மூன்று முறை இப்படி வந்துபோவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பானெட்டை மூட வேண்டும்.

ரெசிஸ்டர் கிடைக்கவில்லை என்றால்

மூன்று ரிலே வைத்து ரெசிஸ்டரே இல்லாமல் மெது வேகம் எடுக்கலாம். பல நிறுவன வண்டிகளிலேயே வரும் முறை இது. மெதுவாக ஓட இரண்டு ஃபேனையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 6 வோல்ட் கிடைக்கும். முதல் ரிலே முதல் ஃபேனுக்கு பாசிட்டிவ் தருகிறது. அந்த ஃபேனின் நெகட்டிவ் ஐந்து கால் ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்குப் போகிறது. அந்த ரிலேயின் 87ஏ கால் இரண்டாம் ஃபேனின் பாசிட்டிவுக்கு, 87 எர்த்துக்கு. இரண்டாம் ஃபேனின் நெகட்டிவ் எப்போதும் எர்த்தில். முழு வேகம் வேண்டும்போது ஐந்து கால் ரிலே முதல் ஃபேனை எர்த்துக்குத் திருப்ப, மூன்றாவது ரிலே இரண்டாம் ஃபேனுக்கு நேரடி பாசிட்டிவ் தருகிறது. முழு வேகத்தில் ஒரு ஃபேன் பறக்கிறது, மற்றது அசையவில்லை என்றால் ஐந்து கால் ரிலே திரும்பவில்லை என்று அர்த்தம்.

மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்

ஃபேன் ஓடுகிறது, சூடு இறங்கவே இல்லை. முகப்பு கிரில்லில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துப் பாருங்கள். அது உள்ளே ஒட்ட வேண்டும். வெளியே பறந்தால் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கிறது; முன்னால் உள்ள ஃபேன் காற்றைத் திருப்பித் தள்ளி, எஞ்சின் ஃபேனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. கப்ளர் மாற்றிய வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது, காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது. வெப்ப ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றுங்கள். ஃபேன் நின்றால் வெப்ப ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கிளை எடுத்த சுற்றுக்குச் சாவி வழியாகக் கரண்ட் வராமல் நேராக வருகிறது. கப்ளரைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் ரிலேயின் உள் முனைகள் உருகி ஒட்டிவிட்டன. தட்டினால் சிலசமயம் விடும். அப்படி விட்ட ரிலேயை அன்றே மாற்றிவிடுங்கள், அது மறுபடியும் ஒட்டும்.

ரிலே டக் டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. எர்த் தளர்வு. அல்லது மூடும் டிகிரிக்கும் திறக்கும் டிகிரிக்கும் இடைவெளி மிகக் குறைவாக உள்ள ஸ்விட்ச். ஐந்து டிகிரியாவது இடைவெளி வேண்டும்.

ரிலே போட்டதும் ஃபியூஸ் போகிறது. உள்ளே டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடுவது) உள்ள ரிலேயில் 85, 86 என்ற இரண்டு காலும் மாறினால் நேர் ஷார்ட். 86-க்கு பாசிட்டிவ், 85-க்கு எர்த். நீங்களே வெளியே டயோடு வைப்பதானால் அதன் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்.

ரிலே சாக்கெட் உருகியிருக்கிறது, வயர் சுடுகிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், தீப்பிடிக்கும் வாய்ப்புள்ள கோளாறு இது. முழு வேகத்தில் இரண்டு ஃபேனும் சேர்ந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிளாம்ப் மீட்டரால் உங்கள் வண்டியில் அளந்துவிடுங்கள். பிறகு ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை ஃபேன் கப்ளரின் பாசிட்டிவிலும் வையுங்கள். முழு வேகத்தில் 0.3 வோல்ட் இருந்தால் நல்லது, 0.5 தாண்டினால் நடுவில் எங்கோ கரண்ட் சூடாக வீணாகிறது. முள்ளை ஃபியூஸ், ரிலே, கப்ளர் என்று ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே வந்தால் எண் குதிக்கும் இடம் அகப்படும். இதே சோதனையை நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள். அங்கேதான் பாதிக் கோளாறு, ஆனால் அதை யாரும் அளப்பதில்லை. வயர் மாற்ற வேண்டியிருந்தால் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடவும், ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்று 40 போடாதீர்கள். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, போனால் ஏன் போனது என்று பார்க்க வேண்டும்.

ஒரு நண்பரின் வண்டியில் எலக்ட்ரீஷியன் ஒருவர் ரிலேயைத் தூக்கி எறிந்துவிட்டு ஃபேனைச் சாவியோடு டைரக்ட் செய்துகொடுத்திருந்தார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் ஸ்டீயரிங் கீழிருந்து பிளாஸ்டிக் வாடை. இக்னிஷன் ஸ்விட்சின் பின்புறம் பழுப்பாகி, ஒரு கால் சொருகிய இடத்தோடு உருகி இறங்கியிருந்தது. சாவி ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், ஃபேனின் கரண்ட்டை அது சுமக்கக் கூடாது. டைரக்ட் பண்ணிடலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஃபேன் வந்ததும் ஹெட்லைட் மங்குகிறது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் தரும் கரண்ட் குறைவு. கிளம்பும் நொடியில் மட்டும் கண் சிமிட்டினால் பரவாயில்லை. ஓடும் நேரம் முழுக்க மங்கலாக இருந்தால் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெல்ட், ரெகுலேட்டர் கார்பன், பேட்டரி எர்த் பட்டை மூன்றையும் பார்க்கவும்.

மெது வேகம் சில வாரம் ஓடி நின்றுவிடுகிறது. ரெசிஸ்டர் மறுபடி அறுந்திருந்தால் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓடும்போது அது தொட முடியாத அளவுக்குச் சுடும், காற்று படும் உலோகத் தகட்டில் திருகப்பட்டிருக்க வேண்டும். டேப் சுற்றி மூலையில் செருகினால் நிலைக்காது.

மின்சார ஃபேன் மட்டுமே உள்ள வண்டிகளுக்கு

வெப்ப ஸ்விட்சும் ரிலேயும் மட்டும் வைத்து ஃபேன் ஓடும் பழைய சின்ன வண்டிகளில், பழைய ஸ்விட்ச் தாமதமாக மூடுகிறது என்று உறுதியானால், அதே மரையில் குறைந்த டிகிரி ஸ்விட்ச் ஒன்றை மாற்றினால் போதும். வயரில் கை வைக்கத் தேவையில்லை. பழைய ஸ்விட்சைக் கழற்றி, வெப்பமானியோடு அடுப்புத் தண்ணீரில் முனையை மட்டும் முக்கி, மீட்டரால் எப்போது மூடுகிறது என்று பாருங்கள். 95-இல் மூட வேண்டியது தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகும் மூடவில்லை என்றால் காரணம் கையில் இருக்கிறது.

ஃபேனை எஞ்சின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வண்டியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அங்கே கம்ப்யூட்டர் சென்சாரைப் பார்த்து ஃபேன் வேகம், ஏசி, எரிபொருள் எல்லாவற்றையும் சேர்த்து முடிவு செய்கிறது. ஃபேன் வரவில்லை என்றால் ஸ்கேனர் போட்டு, சென்சார் காட்டும் டிகிரியை இன்ஃப்ராரெட் வெப்பமானியோடு ஒப்பிட்டு, ஃபேன் மாட்யூலுக்குக் கட்டளை போகிறதா என்று பார்ப்பதுதான் வழி. கட்டளை போகிறது, மாட்யூலுக்குக் கரண்ட்டும் எர்த்தும் இருக்கிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டாரை நேராகக் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் மாட்யூல், ஓடாவிட்டால் மோட்டார்.